இரங்கல் கூட்டத்துக்கு முன்பே கூடுவோம்



இந்த நினைவுச் சொற்பொழிவை ஆண்டுதோறும் இலக்கியம் சார்ந்தே அமைத்து வந்திருக்கிறோம். இந்த ஆண்டு மாணவர் தற்கொலைத் தடுப்பைப் பேசுபொருளாக எடுத்திருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. மன்றத்தின் பழைய துண்டறிக்கைகளை அண்மையில் எடுத்து அடுக்கிப் பார்த்தோம். அவற்றில் பல இரங்கல் கூட்டங்களுக்கானவை. இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளின் படம் போட்டவை. ஒரு மாணவர் உயிரோடு தடுமாறிக்கொண்டிருந்தபோது அவருக்காக நாம் கூடினோம் என்பதற்கு ஒரு தாள்கூட அந்தக் கட்டில் இல்லை. அந்தக் குறையை ஒப்புக்கொண்டுதான் இந்தப் பேச்சைத் தொடங்குகிறோம்.

கணக்கும் கணக்கில் வராததும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் மாணவர்கள் 13,044 பேர். நாளொன்றுக்கு முப்பத்தைந்து பேருக்கும் மேல். தமிழ்நாட்டில் மட்டும் எல்லா வயதினரும் சேர்ந்து 19,834 பேர். மகாராட்டிரத்துக்கு அடுத்த இடம் நம்முடையது. அறிக்கை வயதைச் சொல்கிறது, தொழிலைச் சொல்கிறது, படிப்பைச் சொல்கிறது. சாதியைச் சொல்வதில்லை.

ஆனால் சில பெயர்கள் நமக்கு மறக்காது. 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா. 2017 மார்ச்சில் டெல்லியில், சேலத்திலிருந்து ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குப் போன முத்துக்கிருஷ்ணன். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று அரியலூர் மாவட்டத்தில், பிளஸ் டூவில் 1,176 மதிப்பெண் எடுத்த அனிதா. 2019 மே மாதம் மும்பையில், பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த மருத்துவர் பாயல் தத்வி. ரோகித்தின் தாயும் பாயலின் தாயும் 2019இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். வளாகங்களில் சாதியப் பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் கொண்டுவந்த விதிகளை நடைமுறைப்படுத்து என்பதே அவர்கள் கேட்டது. 2025 மார்ச் 24 அன்று, வேறொரு வழக்கில், உயர்கல்வி மாணவர்களின் மனநலத்தையும் தற்கொலைத் தடுப்பையும் ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் உச்ச நீதிமன்றம் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது.

வழக்கும் வேண்டும், வைத்தியமும் வேண்டும்

இத்தகைய மரணங்களை நாம் ‘நிறுவனப் படுகொலை’ என்கிறோம். நிர்வாகம் ‘மன அழுத்தம்’ என்கிறது. அந்தச் சொல்லை நிர்வாகம் கையை உதறிக்கொள்ளவே பயன்படுத்துகிறது என்பதால் நாம் அதன்மேல் கோபம் கொள்கிறோம். கோபம் நியாயமானது. ஆனால் அதனால் ஒரு தீங்கும் நேர்ந்திருக்கிறது. தூக்கமில்லாமல் தவிக்கும் ஒரு தலித் மாணவர் மனநல மருத்துவரிடம் போகத் தயங்குகிறார். போனால் ‘இவனுக்கு ஏற்கெனவே மனநோய்’ என்று எழுதி வைத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறார். நம்மிடம் சொன்னால் போராட்டக்காரன் கோழையாகிவிட்டான் என்று நினைப்போமோ என்றும் அஞ்சுகிறார்.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் குழந்தைகளுக்கு உடம்பு முடியாமல் போனபோது பெற்றோர் முதலில் மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குடிநீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகே, தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. வைத்தியம் பார்த்ததால் வழக்கு பலவீனப்படவில்லை. மனத்துக்கும் இதே நியாயம்தான். அவமானம் வெளியிலிருந்து வருகிறது. காயம் உள்ளே படுகிறது. அவமானத்தை எதிர்த்து வழக்குப் போடுவோம், காயத்துக்கு மருந்தும் போடுவோம்.

தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் என்று எதுவும் இருப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வராத உதவித்தொகை, ‘கோட்டாவில் வந்தவன்’ என்ற கேலி, தோல்வி, காதல், வீட்டுக் கடன், சிகிச்சை பெறாத மனச்சோர்வு எனப் பலவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. எனவே எந்த இடத்தில் ஒரு சுமையை இறக்கினாலும் பயன் உண்டு.

அந்த நேரம் கடந்துபோகும்

சாக நினைப்பவர் சாவதற்கு முடிவெடுத்துவிட்டார், யாராலும் தடுக்க முடியாது என்று பொதுவாக நம்புகிறோம். உண்மை வேறு. பெரும்பாலோருக்குள் வாழும் ஆசையும் வலியிலிருந்து தப்பும் ஆசையும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. உச்சத் தவிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அதைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை.

இதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் முயற்சி நடந்தது. அதைச் செய்த ஊர்களில் தற்கொலைகள் குறைந்தன. ஆபத்தான பொருளுக்கும் தவிக்கும் மனிதருக்கும் நடுவில் ஒரு பூட்டும் கொஞ்ச தூரமும் வந்தால் அந்த நேரம் கடந்துவிடுகிறது. இன்னொன்று, பொதுத்தேர்வில் தவறியவர்களுக்கு உடனடித் துணைத்தேர்வு. முன்பு ஒரு பாடம் போனால் ஓர் ஆண்டு போகும். இப்போது சில வாரங்களில் மறுபடி எழுதலாம், அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம். ஓர் அரசாணை எத்தனையோ பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டைத் திருப்பிக் கொடுத்தது. தடுப்பு என்பது ஆலோசகர் அறையில் மட்டும் நடப்பதில்லை.

எப்படிக் கேட்பது

அறிகுறிகள் பெரும்பாலும் கண்முன்னே இருக்கும். விடுதி மெஸ்ஸுக்கு வருவது நின்றுபோகும். தூக்கம் மாறும். பிடித்த புத்தகத்தை, சட்டையை மற்றவருக்குக் கொடுத்துவிடுவார். ‘நான் இருந்து என்ன ஆகப்போகுது’, ‘எல்லாருக்கும் பாரமா இருக்கேன்’ என்பார். நீண்ட தவிப்புக்குப் பிறகு திடீரென்று அமைதியாகிவிடுவதையும் கவனிக்க வேண்டும்.

நேராகக் கேளுங்கள். “என்ன தம்பி, ரெண்டு நாளா சாப்பிட வரல?” என்று தொடங்கலாம். பிறகு, “செத்துடலாம்னு தோணுதா?” என்றே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்பது தவறான பயம். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே பலருக்கு ஆறுதல். “ஆமாண்ணே” என்று பதில் வந்தால் அதிராமல் காது கொடுங்கள். தனியே விடாதீர்கள். மருந்து, விஷம் போன்றவை கைக்கெட்டாமல் பாருங்கள். ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க’ என்றால் அதற்கு மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் இருவருக்கும் நம்பிக்கையான இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு, மருத்துவமனைக்குக் கூடவே போங்கள்.

ஒன்றை மட்டும் சொல்லாதீர்கள்: “உங்கம்மா களை எடுத்து, செங்கல் தூக்கி உன்னைப் படிக்க வைக்கிறாங்க, நெனச்சுப் பாரு.” அவர் அதைத்தான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறார். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளையின் தலையில் ஒரு குடும்பமும் ஒரு தெருவும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. நாம் அதில் இன்னொரு கல்லை வைக்கக் கூடாது.

வீடும் பள்ளியும்

வீட்டாருக்கு நாம் சொல்ல வேண்டியது எளிது. முடிவு வரும் நாளில் யாராவது ஒருவர் பிள்ளையோடு இருங்கள். ‘படிப்பு போனாலும் வீட்டுக்கு வா’ என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தானாகத் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். முயன்று பிழைத்த பிள்ளையைப் போலீஸ் வழக்குக்குப் பயந்து மறைக்காதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்குகிறது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு இல்லை. ஒருமுறை முயன்றவருக்கு அடுத்த சில மாதங்களில் ஆபத்து மிகுதி என்பதால் அப்போதுதான் கூடுதல் துணை வேண்டும்.

பள்ளிகளைப் பொறுத்தவரை, நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி வரை அது பேசியது. அதை நாம் தற்கொலைத் தடுப்பு ஆவணமாகவும் படிக்க வேண்டும். வகுப்பில் எல்லோர் முன்பும் ‘எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்திருங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு’ என்று சொல்லாமல் இருப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. கல்லூரிகளில் சமவாய்ப்பு மையம் இயங்குகிறதா, உதவித்தொகை வரும்வரை கட்டணம் கேட்டு மாணவரை வெளியே நிறுத்துகிறார்களா என்று கேட்பது மாணவர் அமைப்புகளின் அன்றாட வேலை.

நம் மேடையும் மாற வேண்டும்

கடைசியாக நம்மைப் பற்றி. இறந்தவரின் கடைசிக் கடிதத்தைச் சுவரொட்டியில் அச்சிட்டிருக்கிறோம். எப்படி இறந்தார் என்று மேடையில் விவரித்திருக்கிறோம். ‘தன் உயிரைக் கொடுத்து நம்மை எழுப்பினார்’ என்று பேசியிருக்கிறோம். கூட்டத்தின் பின்வரிசையில், அதே தவிப்பில் ஒரு பெண்ணோ பையனோ உட்கார்ந்திருக்கலாம். செத்தால்தான் என் சொல்லை இவர்கள் கேட்பார்கள் என்று அவர் புரிந்துகொண்டால் அதற்கு நாமும் பொறுப்பு. நீதி கேட்பதை ஒரு நாளும் நிறுத்த மாட்டோம். ஆனால் முறையை விவரிக்க மாட்டோம். கடிதத்தைப் பரப்ப மாட்டோம். சாவை ஆயுதமாகப் பாட மாட்டோம். இறந்தவரின் அறை நண்பர்களையும் தம்பி தங்கைகளையும் அடுத்த ஓராண்டு தொடர்ந்து போய்ப் பார்ப்போம்.

அம்பேத்கர் 1917இல் பரோடாவில் தங்க இடமின்றி, பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்களால் விரட்டப்பட்டார். உடைந்து அழுததை அவரே எழுதி வைத்திருக்கிறார். ரயில் வரும்வரை ஒரு பூங்காவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். அந்த மாலையில் அவர் அருகே உட்கார ஒருவரும் இல்லை. இன்றைய பிள்ளைகளுக்கு நாம் இருக்கிறோம்.

இந்த மாதம் முதல் மூன்று வேலைகளை மன்றம் ஏற்கிறது. வாசகர் வட்டத்துக்கு இரண்டு முறை தொடர்ந்து வராதவரை ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பது. முடிவு வெளியாகும் வாரத்தில் ஊர் ஊராக வீடுகளுக்குப் போவது. பின்வரும் எண்களை ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் ஒட்டுவது: மனநல உதவிக்கு 14416 (தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ சேவை) அல்லது 104, பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு 1098, சாதிய வன்கொடுமைப் புகாருக்கு 14566.

இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடும் முன் ஒருவரிடம் சொல்லுங்கள். எங்களிடமும் சொல்லலாம். உங்களை இழந்து நாங்கள் நடத்த விரும்பும் கூட்டம் எதுவும் இல்லை.