மடிக்கணினியில் வை-ஃபை மட்டும் வரவில்லையா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதியோ பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு இல்லை. அதற்காக அவற்றைப் பழைய சாமான் கடைக்கு அனுப்புவது வீண்விரயமாகும். யூனிக்ஸ் வழியில் உருவான லினக்ஸ் இயங்குதளத்தை விலையின்றிப் பெற்று நிறுவிக்கொண்டால், பிள்ளைகளின் படிப்புக்கு அவை இன்னும் பல ஆண்டுகள் உதவும்.

ஆயினும், நிறுவி முடித்ததும் பலர் சந்திக்கும் இடர் ஒன்றுண்டு. திரை ஒளிர்கிறது, விசைகள் இயங்குகின்றன, வை-ஃபை மட்டும் தென்படுவதில்லை. உடனே "இயந்திரம் பழுது" என்று முடிவு கட்டிப் பரண்மேல் ஏற்றிவிடுகின்றனர். உண்மையில் பழுது ஏதும் இல்லாமலே இந்நிலை ஏற்படலாம்.

காரணம் யாது?

வை-ஃபை சில்லு இயங்கப் பொதுவாக இரண்டு மென்பொருள்கள் தேவை. ஒன்று டிரைவர். பெரும்பாலான சில்லுகளுக்குரிய டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுடன் சேர்ந்தே வருகின்றன. மற்றொன்று ஃபர்ம்வேர். கணினியைத் தொடங்கும்போது சில்லுக்குள் ஏற்றப்படும் சிறு கோப்பு இது. இதன் மூல நிரலைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. மூல நிரல் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கொள்கையாகக் கொண்ட டெபியன் அமைப்பு, இக்காரணத்தால் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் அதனை நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அவ்விதியைத் தளர்த்தினர். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் சேர்ந்தே வருகிறது. ஆகவே புதிய பதிப்பை நிறுவுவதே முதல் மருந்து.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

கீழ்க்காணும் ஆணைகளை டெர்மினல் சாளரத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சுச் செய்ய வேண்டும்.

1. சுவிட்சைப் பாருங்கள். சில மடிக்கணினிகளின் ஓரத்திலோ விசைப்பலகையிலோ வை-ஃபையை நிறுத்தும் விசை இருக்கும். 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்னும் ஆணை உண்மையைச் சொல்லிவிடும். 'ஹார்டு பிளாக்டு' என்பதற்கு நேரே 'எஸ்' என்றிருந்தால் அந்த விசையை இயக்குங்கள். 'சாஃப்ட் பிளாக்டு' என்பதற்கு நேரே அவ்வாறிருந்தால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' என்னும் ஆணை தடையை நீக்கும்.

2. சில்லை அடையாளம் காணுங்கள். மடிக்கணினியின் பெயர் இங்கே போதாது. ஒரே மாதிரியிலேயே வெவ்வேறு சில்லுகள் இருப்பதுண்டு. 'எல்எஸ்பிசிஐ -என்என்' என்னும் ஆணை தயாரிப்பாளர் எண்ணையும் சில்லின் எண்ணையும் காட்டும். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அது 1978இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற செயலியின் பெயரும் ஆகும். யுஎஸ்பி வழியே செருகிய கருவியாயின் 'எல்எஸ்யுஎஸ்பி' என்னும் ஆணை உதவும்.

3. கணினியின் பதிவைப் படியுங்கள். 'டிமெஸ்க்' என்னும் ஆணையை, முன்னால் 'சூடோ' என்பதைச் சேர்த்துத் தந்தால், தொடக்கத்தில் நடந்தவை வரிசையாக வரும். ஃபர்ம்வேரை ஏற்ற இயலவில்லை என்னும் வரி இருந்தால் நோய் பிடிபட்டது.

4. ஃபர்ம்வேரைப் பெறுங்கள். இணையம் இல்லாமல் ஃபர்ம்வேர் கிடைக்காது. ஃபர்ம்வேர் இல்லாமல் இணையம் வராது. பலர் மனம் தளர்வது இவ்விடத்தில்தான். வழி எளிது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். லினக்ஸ் அதனைக் கம்பி இணைப்பாகவே ஏற்கும். பின்னர் டெபியனில் இன்டெல் சில்லுக்கு 'ஃபர்ம்வேர்-ஐடபிள்யுஎல்வைஃபை', ரியல்டெக் சில்லுக்கு 'ஃபர்ம்வேர்-ரியல்டெக்' என்னும் தொகுப்பை நிறுவுங்கள். உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்னும் பகுதியைத் திறந்து பாருங்கள். பிராட்காம் சில்லுகள் சிலவற்றுக்குரிய டிரைவர் அங்கே கிடைக்கும். பிறகு கணினியை மீண்டும் தொடங்குங்கள்.

பிறர் வீட்டு வை-ஃபை தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியவில்லையெனில், அலைவரிசையைக் கவனியுங்கள். பழைய சில்லுகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ரவுட்டரில் அதனையும் இயக்கிவைக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் இணங்காத சில்லும் உண்டு. அப்போது யுஎஸ்பியில் செருகும் சிறு வை-ஃபை கருவி கைகொடுக்கும். அதனுள் இருக்கும் சில்லுக்கு லினக்ஸ் ஆதரவு உண்டா என்று விசாரித்த பின்னரே பணம் கொடுங்கள்.

அன்பர்களே! ஊகத்தால் ஒவ்வொன்றையும் மாற்றிப் பார்ப்பவர் சோர்ந்துபோவார். வரிசையாகச் சோதிப்பவர் காரணத்தைக் கண்டடைவார். ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டால், வீட்டில் ஒரு பிள்ளைக்குப் புதுக் கணினி வாங்கும் செலவு மிஞ்சலாம்.