வெள்ளியைத் தேடும் துளை

தோவாளையிலோ ஆரல்வாய்மொழியிலோ ஒரு வீட்டில் ‘போர்’ போடுகிறார்கள் என்றால் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான் நிற்பார்கள். காதைப் பிளக்கும் சத்தம். புகைபோல எழும் பாறைத்தூள். முதலில் செம்மண், அடுத்து மஞ்சள், பிறகு சாம்பல் நிறம். “பாறை வந்துட்டு, இனி தண்ணி கிடைக்கது பாடுதான்” என்று பெரியவர் ஒருவர் சொல்லுவார். தூளின் நிறத்தைக் கொண்டே பூமியின் வயிற்றுக்குள் இருப்பதைப் படிக்கிறார் அவர்.

வெள்ளியைத் தேடுகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு இந்தத் தூள் போதாது. ஏன் என்று காண்போம்.

கிணற்றுத் துளையில் சம்மட்டி போன்ற முனை பாறையை இடித்து நொறுக்குகிறது. அழுத்தக் காற்று தூளை மேலே தள்ளுகிறது. வரும் வழியில் துளையின் சுவரிலிருந்து உதிர்வதும் அதில் கலந்துவிடும். தண்ணீர் தேடுகிறவருக்கு இதனால் நட்டமில்லை. வெள்ளிக் கணக்கோ நுணுக்கமானது. ஒரு டன் பாறையில் 100 கிராம் வெள்ளி இருந்தாலே நல்ல தாதுதான். அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு! அது எந்த ஆழத்தில், எத்தனை மீட்டர் கனத்துக்கு இருக்கிறது என்பது தெரியாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

வெள்ளி தனித்துக் கிடைப்பது அரிது. உலகில் கிடைக்கும் வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கம் ஆகியவற்றின் சுரங்கங்களில் உடன் வருவதே. ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்ற கனிமத்தைப் பாருங்கள். உடைத்தால் சின்னச் சின்னக் கனசதுரங்களாக உடையும். தண்ணீரைப்போல் ஏழரை மடங்கு கனம். கண்ணுக்குத் தெரியாத அளவில் வெள்ளி அதற்குள் ஒளிந்திருக்கும். ஆகவே வெள்ளியைத் தேடுவது என்பது பெரும்பாலும் ஈயத்தையும் துத்தநாகத்தையும் தேடுவதுதான்.

எங்கே துளையிடுவது? இத்தகைய தாதுக்களில் கந்தகத்தோடு இரும்பும் கலந்திருக்கும். மழைநீரும் காற்றும் படப்படக் கந்தகம் அமிலமாகிக் கரைந்து ஓடும். இரும்பு மட்டும் துருவாகி, செம்பழுப்பு நிறத்தில் ஓட்டை ஓட்டையாக மேலே நிற்கும். ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளிகள் இதற்கு ‘இரும்புத் தொப்பி’ என்று பெயர் வைத்தார்கள். ராஜஸ்தானில் பில்வாரா மாவட்டத்திலுள்ள ராம்புரா ஆகூச்சாவில் 1977இல் கண்டறியப்பட்ட பெருந்தாதுவுக்கு வழிகாட்டியது இத்தகைய துருப்பாறைதான். 1991இல் அங்கே சுரங்கம் வேலை தொடங்கியது.

ஆனால் தொப்பி இருக்கும் இடத்திலெல்லாம் தலை இருப்பதில்லை. வெறும் இரும்புத்துரு ஊரெங்கும் உண்டு. இங்கேதான் துளையின் வேலை தொடங்குகிறது.

தாதுத் துளைக்கான முனை, வளையல் போல நடுவில் ஓட்டையுள்ள எஃகு வளையம். அதன் விளிம்பில் தொழில்துறை வைரத்துணுக்குகளைப் பதித்திருப்பார்கள். அது சுழலச் சுழல வளையத்தின் அளவுக்குப் பாறை அறுபடும். நடுப்பகுதி அறுபடாமல் உருளையாகக் குழாய்க்குள் ஏறும். வாழைத்தண்டு உரித்துப் பார்த்ததுண்டா? அதைப்போல ஒரு பாறைத் தண்டு! சூட்டைத் தணிக்கவும் தூளைக் கழுவவும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். மூன்று மீட்டர் அறுத்ததும் உட்குழாயைக் கம்பிவடத்தால் மேலே இழுத்து, தண்டைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி ஆழத்தை எழுதிவைப்பார்கள்.

துளையை நேர்க்குத்தாகப் போடுவது குறைவு. தாது அடுக்குகள் பெரும்பாலும் சாய்ந்தோ செங்குத்தாகவோ நிற்கும். அலமாரியில் நிற்கும் புத்தகங்களின்மேல் நேராக ஊசியை இறக்கினால் அது ஒரே புத்தகத்துக்குள் போகும். சாய்த்துக் குத்தினால் நாலைந்தைத் தாண்டும் அல்லவா?

இன்னொரு சங்கடமும் உண்டு. கலீனா மெதுவானது. நொறுங்கித் தண்ணீரோடு போய்விடலாம். மூன்று மீட்டர் அறுத்து இரண்டு மீட்டர் தண்டுதான் வந்தது என்றால், காணாமற்போன அந்த ஒரு மீட்டரே வளமான பகுதியாக இருந்திருக்கலாம். ஆகவே, எத்தனை சதவீதம் தண்டு கிடைத்தது என்பதையும் குறிக்கவேண்டும். நல்ல துளைப்பாளியின் கைத்திறம் அதில் தெரியும்.

இப்போது ஒரு கணக்கு. பரவலாகப் பயன்படும் ஒரு தண்டின் குறுக்களவு 47.6 மில்லிமீட்டர். நூறு மீட்டருக்கு ஒரு துளை வீதம் கட்டம் கட்டமாகப் போட்டாலும், நாம் கண்ணால் பார்ப்பது அந்த நிலத்தில் ஏறத்தாழ 56 லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவை வைத்துக்கொண்டு பல கோடி ரூபாயை இறக்கலாமா என்று முடிவு செய்யவேண்டும்! எனவேதான் தண்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை மட்டும் பொடித்துச் சோதிப்பார்கள். மறுபாதி பெட்டியிலேயே இருக்கும். சந்தேகம் வந்தால் யாரும் திரும்பச் சோதிக்கலாம்.

இந்த வழக்கத்தை விட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் 1997இல் பார்த்தது. இந்தோனேசியாவின் புசாங் என்ற இடத்தில் மலைமலையாய்த் தங்கம் இருப்பதாகக் கனடாவின் ப்ரி-எக்ஸ் நிறுவனம் அறிவித்திருந்தது. அங்கே தண்டு முழுவதையும் பொடித்துவிட்டார்கள், பாதி மிஞ்சவில்லை. வேறொரு நிறுவனம் பழைய துளைகளுக்கு அருகிலேயே புதிதாகத் துளையிட்டுப் பார்த்தபோது தங்கம் இல்லை! பொடியில் யாரோ வெளித்தங்கத்தைத் தூவியிருந்தார்கள். பங்கு வாங்கிய ஏராளமானோர் பணத்தை இழந்தார்கள்.

நம் தமிழ்நாட்டில்? பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த மாமண்டூரில் செம்பும் ஈயமும் துத்தநாகமும் வெள்ளியும் உண்டு. (பல்லவர் குடைவரைகள் உள்ள மாமண்டூர் வேறு.) துளையிட்டுப் பார்த்ததில் தாது உறுதியாயிற்று, அளவுதான் சிறியது, பத்து லட்சம் டன்னுக்கும் குறைவு. ராஜஸ்தானில் ஈய, துத்தநாகத் தாது 2015ஆம் ஆண்டுக் கணக்கில் 60 கோடி டன்னுக்கும் மேல். அங்கே சிந்தேசர் குர்த் என்ற இடத்தில் வளமான தாது ஆழத்தில் மறைந்து கிடந்தது. துளைகள்தான் அதைக் காட்டிக்கொடுத்தன. இன்று இந்தியாவின் வெள்ளியில் பெரும்பங்கு தருவது அந்தச் சுரங்கம்.

நாஞ்சில் நாட்டின் செல்வம் வேறு வகை. மணவாளக்குறிச்சிக் கரையில் இல்மனைட், மோனசைட், சிர்க்கான், கார்னட் ஆகியவற்றை அலையே பிரித்து வைத்திருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டிய மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். அதற்குத் துளையே தேவைப்படவில்லை!

மாணவர்களே, உங்கள் தெருவில் அடுத்த முறை போர் போடும்போது, வண்டிக்காரரிடம் சொல்லி இருபதடிக் கம்பி ஒன்று இறங்கும்தோறும் ஒரு பிடி தூள் வாங்கி வையுங்கள். வண்டிக்கு அருகே போகவேண்டாம். சிரட்டையில் இட்டுக் கழுவினால் கனமானவை அடியில் தங்கும். காந்தத்தை மேலே பிடித்தால் சில கருந்துகள்கள் ஒட்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் சிவப்பு மணிகள் தெரிந்தால் அவை கார்னட். பொன்போல மின்னுவது பெரும்பாலும் மைக்காத் தகடாக இருக்கும். ஊசியால் குத்திப் பாருங்கள். ஏடு ஏடாகப் பிரியும்.