பழங் கணினிகளும் வலையமைப்பு மென்பொருளும்

ஏட்டுச் சுவடிகளிலே கிடந்த தமிழ் நூல்கள் 19ஆம் நூற்றாண்டில் அச்சேறிய வரலாற்றை நாம் அறிவோம். ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலிய பெரியோர் அப்பணியை மேற்கொண்டிராவிடின், சிதலுக்கும் ஈரத்துக்கும் இரையாகாது எஞ்சியிருக்கக்கூடிய நூல்கள் மிகச் சிலவேயாம். ஓர் ஏடு அழியுமுன் அதனைப் பிறிதோர் ஏட்டிலோ தாளிலோ பெயர்த்தெழுதுதல் வேண்டும் என்பதே அவர்தம் பணியிலிருந்து நாம் கற்கும் பாடம்.

அவ்வேடுகளின் நிலையோடு ஒருபுடை ஒப்புநோக்கத்தக்க நிலையில் இன்று இருப்பவை, 1980ஆம் ஆண்டுகளிலும் 1990ஆம் ஆண்டுகளிலும் அலுவலகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் பணிபுரிந்த மேசைக் கணினிகளாகும். பதிவேடுகள், கட்டுரைகள், அளவீடுகள் எனப் பல அவற்றின் வன்றட்டுக்களில் உறங்குகின்றன. வன்றட்டோ என்றேனும் ஒருநாள் சுழலாது நின்றுவிடும் இயல்பினது. ஆகவே, அவற்றிலுள்ளவற்றை வெளிக்கொணர்தற்குரிய வழிகளுள் ஒன்றாகிய வலையமைப்பு மென்பொருளை நிறுவுதல் பற்றி இக்கட்டுரையில் ஆராயப்புகுவோம்.

வலையமைப்பை நாடுவதேன்?

பழங் கணினியிலிருந்து கோப்புக்களை எடுத்தற்கு நெகிழ்தட்டுக்கள் போதாவோ என ஒருவர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை கணக்கிலேயே உளது. 20 மெகாபைற்றுக் கொள்ளளவுடைய வன்றட்டு ஒன்றனை 360 கிலோபைற்று நெகிழ்தட்டுக்களிற் பெயர்ப்பதாயின் 57 தட்டுக்கள் வேண்டும். அன்றியும், அத்தகைய தட்டுக்களைப் படிக்கவல்ல பொறி புதிய கணினிகளில் இல்லை. வன்றட்டைக் கழற்றிப் புதிய கணினியிற் பொருத்தலாமே எனின், ஐ.டி.ஈ. வகைத் தட்டுக்களைப் பொறுத்தவரை அது இயலும். அதற்கு முற்பட்ட எம்.எஃப்.எம். வகைத் தட்டுக்களோ தமக்குரிய கட்டுப்பாட்டு அட்டையின்றிப் படிக்கப்படா. யூ.எஸ்.பி. வாயில் அக்காலக் கணினிகளுட் பெரும்பாலானவற்றில் இல்லை.

பழைய கணினிக்கும் புதிய கணினிக்கும் இடையே மாறாது நிலைத்திருக்கும் பொது வாயில் ஒன்று உண்டு. அதுவே ஈதர்நெற் என்னும் வட முறையும், அதன்மேற் செல்லும் ரி.சி.பி./ஐ.பி. என்னும் நெறிமுறையுமாம். நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட பொறியும் நேற்று வாங்கிய பொறியும் இவ்விரண்டின் வாயிலாக இன்றும் உரையாடவல்லன.

வரலாற்றுச் சுருக்கம்

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே, செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ற்றோ ஆராய்ச்சி நிலையத்தில், றொபேட் மெற்காஃப், டேவிட் பொக்ஸ் என்போர் 1973ஆம் ஆண்டில் ஈதர்நெற் முறையை உருவாக்கத் தொடங்கினர். ஒருவர்க்கு ஒரு கணினி என்னும் கொள்கையோடு அங்கு உருவான ஆல்ற்றோ என்னும் கணினிகளை ஒன்றோடொன்று பிணைப்பதே அதன் முதல் நோக்கம். அம்முறை 1983ஆம் ஆண்டில் 802.3 என்னும் எண்ணுடைய பொதுத் தரமாயிற்று.

ரி.சி.பி. நெறிமுறையின் அடிப்படையை விண்டன் சேர்ஃப், றொபேட் கான் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையிலே காணலாம். 1983ஆம் ஆண்டு சனவரி மாதம் 1ஆந் திகதி, ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பு இந்நெறிமுறைக்கு மாறியது. இன்றைய இணையத்தின் பிறந்தநாள் அதுவே என்பாரும் உளர்.

ஆயினும், 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். மேசைக் கணினியோ, அதன் டொஸ் என்னும் இயக்க முறைமையோ இந்நெறிமுறையை உடன்கொண்டு பிறக்கவில்லை. அவை தனித்தியங்கும் பொறிகளாகவே வகுக்கப்பட்டன. எனவே வலையமைப்புக்கு வேண்டிய ஒவ்வொரு பகுதியையும் பயன்படுத்துவோரே தேடி நிறுவவேண்டியிருந்தது. விண்டோஸ் 3.1 பயின்ற காலத்தும் இந்நிலை தொடர்ந்தது. தாஸ்மேனியாவைச் சேர்ந்த பீற்றர் தாற்றம் ஆக்கிய றம்பெற் வின்சொக் என்னும் மென்பொருளே அக்காலத்துப் பலரை இணையத்திற்கு இட்டுச்சென்றது. 1995ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் வெளிவந்த விண்டோஸ் 95 அந்நெறிமுறையைத் தன்னகத்தே கொண்டிருந்தது.

அடுக்குக்களின் இயல்பு

வலையமைப்பு மென்பொருளை நிறுவப்புகுவோர் முதற்கண் உணரவேண்டுவது, அஃது ஒரு பொருளன்று, ஒன்றன்மேலொன்றாக அமைந்த அடுக்குக்களின் தொகுதி என்பதாம். தபாற் சேவையை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். கடிதம் எழுதுவோர், அதனைச் சுமப்பது புகைவண்டியோ மாட்டுவண்டியோ என எண்ணுவதில்லை. உறையின்மேல் முகவரியைச் செவ்வனே எழுதுவதோடு அவர் கடமை முடிகின்றது. தபாற்பையைச் சுமப்போர், உள்ளிருக்கும் கடிதத்தின் பொருளை அறியார்.

அங்ஙனமே ஈண்டும் அடியிலிருப்பது வடம். அதன்மேல் வலையமைப்பு அட்டை. அவ்வட்டையோடு பேசத்தெரிந்த இயக்கி மென்பொருள் அதற்கு மேலது. அதற்கும் மேலே நெறிமுறை மென்பொருள். உச்சியிலே, கோப்புக்களைக் கொண்டுசெல்லல், அஞ்சல் படித்தல் முதலிய தொழில்களைச் செய்யும் பயன்பாட்டு மென்பொருள். கீழடுக்குச் செம்மையுறாதபோது மேலடுக்கு எவ்வளவு சிறந்ததாயினும் பயன்தராது. ஆதலின் நிறுவுதலும் சோதித்தலும் அடியிலிருந்தே தொடங்குதல் முறையாகும்.

வடமும் அட்டையும்

1980ஆம் ஆண்டுகளிற் பெரிதும் வழங்கியது மெல்லிய ஓரச்சு வடம். அதில் ஒரு துண்டின் நீளம் 185 மீற்றரைத் தாண்டலாகாது. ஒரு துண்டில் 30 நிலையங்களுக்கு மேல் இணைத்தலுமாகாது. வடத்தின் இரு முனைகளிலும் 50 ஓம் தடையுடைய மூடி இருத்தல் வேண்டும். ஒரு மூடியைக் கழற்றினும், அனுப்பிய சைகை முனையிலே மோதித் திரும்பிப் புதிய சைகையோடு கலந்து, அத்துண்டிலுள்ள கணினிகள் யாவற்றையும் ஊமையாக்கிவிடும். 1990இல் முறுக்கிணைக் கம்பி முறை தரப்படுத்தப்பட்டபின் இவ்வில்லங்கம் நீங்கிற்று. அம்முறைக்குரிய துளையுள்ள அட்டை கிடைப்பின், அதனை இன்றைய வழிப்படுத்தியோடு பெரும்பாலும் நேரே இணைக்கலாம். ஓரச்சு வடத்துக்கு மட்டுமே இடமுள்ள அட்டையாயின், இருவகைத் துளையுமுள்ள பழைய குவியம் ஒன்று இடையே வேண்டும்.

அட்டையைப் பொருத்துகையில் இரண்டு எண்கள் கருத்திற்குரியன. நொவெல் நிறுவனத்தின் என்.ஈ. 2000 என்னும் அட்டையை எடுத்துக்கொள்வோம். அதனைப் பின்பற்றிப் பலர் அட்டை செய்தமையின் அஃது ஒரு பொதுத் தரம்போல ஆயிற்று. அதன் வாயில் முகவரி பதினாறடிமான எண்முறையில் 300. குறுக்கீட்டு எண் 3. இவை தொடக்கத்திற் குறிக்கப்பட்டவை. அட்டையிலுள்ள சிறு இணைப்பூசிகளால் மாற்றத்தக்கவை.

குறுக்கீட்டு எண் என்பது யாது? அட்டைக்கு ஒரு பொதி வந்து சேரும்போது, கணினியின் மையச் செயலியை அழைத்தற்கு அஃது அடிக்கும் மணி எனலாம். இரண்டாந் தொடர்நிலை வாயிலும் வழக்கமாக அதே 3ஆம் மணியையே அடிக்கும். ஒரே மணியை இருவர் அடிப்பின், வாயிலில் நிற்பவர் யாவரென வீட்டினர் அறியமாட்டார். இதன் விளைவாகப் பொதிகள் வெளிச்செல்லும், மறுமொழி மட்டும் உட்புகாது. அல்லது கணினி இடைநடுவே நின்றுவிடும். ஆதலால், இரண்டாந் தொடர்நிலை வாயில் இருக்குமாயின் அதனைச் செயலிழக்கச் செய்தல், அன்றேல் அட்டைக்கு வேறெண் வகுத்தல் வேண்டும். மென்பொருளிற் பிழை என எண்ணி நாட்கணக்காக உழல்வோர் பலர்க்கு உண்மையில் இடர் விளைத்தது இவ்வெண்ணேயாம்.

இயக்கியும் நெறிமுறையும்

அட்டை ஒவ்வொன்றும் வேறுவேறாயினும், நெறிமுறை மென்பொருள் அவை எல்லாவற்றையும் அறிதல் இயலாது. இவ்விடரைத் தீர்க்கும் பொருட்டு எஃப்.ரி.பி. சொஃப்ற்வெயார் என்னும் நிறுவனம், பொதி இயக்கி என்னும் பொது இடைமுகத்தை வகுத்தது. அட்டைக்குரிய பொதி இயக்கி நினைவகத்திலே தங்கியிருக்கும். மேலுள்ள மென்பொருள் அதனை மென்பொருட் குறுக்கீடு ஒன்றன்மூலம் அழைக்கும். இதற்குப் பெரும்பாலும் வழங்குவது பதினாறடிமான 60. ஆகவே, இயக்கியின் பெயரோடு 60, 3, 300 என்னும் எண்களைக் கட்டளை வரியிற் கொடுப்பின், அட்டையின் 48 பிற்று முகவரி திரையிலே தோன்றும். அம்முகவரி எஃப். என்னும் குறிகளாக மட்டும் தோன்றுமாயின், வாயில் முகவரி தவறாயிருக்கலாம் என அறிந்துகொள்க.

நினைவகத்தைப் பற்றியும் ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். டொஸ் முறைமையில் நிரல்களுக்குக் கிடைப்பது 640 கிலோபைற்று மட்டுமே. தங்கியிருக்கும் ஒவ்வொரு மென்பொருளும் அதிலொரு பங்கைக் கவரும். 386 வகைச் செயலியும் 1991இல் வந்த ஐந்தாம் பதிப்பு டொஸ்ஸும் உடையோர் இயக்கியை மேல் நினைவகத்துக்கு ஏற்றலாம். ஏனையோர் வேண்டாதவற்றை நீக்குதலே வழி.

இயக்கியின்மேல் நிறுவுதற்கு இன்று மிகவும் ஏற்றது, மைக்கேல் புறூட்மன் ஆக்கிய எம்.ரி.சி.பி. என்னும் இலவசத் தொகுதி. மிகப் பழைய 8088 செயலியிலும் அஃது இயங்கும். அதற்கு ஓர் அமைவுக் கோப்பு வேண்டும்; அக்கோப்பு எங்குளதென்பதைச் சூழல் மாறி ஒன்றன்வழி அறிவித்தல் வேண்டும். கோப்பிலே முதலில் எழுதவேண்டுவது பொதி இயக்கியின் குறுக்கீட்டு எண். பின்னர் முகவரி. வீட்டு வழிப்படுத்தி உள்ளவிடத்து, டி.எச்.சி.பி. என்னும் நிரலை ஓட்டின் முகவரி தானே கிடைக்கும். கையால் எழுதுவதாயின், 192.168.1.20 போன்ற தனியார் முகவரி ஒன்றையும் 255.255.255.0 என்னும் மறைப்பையும் கொடுக்கலாம். வேறெக்கணினியும் அதே முகவரியைக் கொண்டிராமை இன்றியமையாதது.

சோதிக்கும் முறை

இனி, பிங் என்னும் சிறு நிரலாற் சோதிக்கலாம். மைக் மூஸ் என்பார் 1983ஆம் ஆண்டு திசெம்பரில் இதனை எழுதினார். முதலிலே அடுத்திருக்கும் கணினியை எண் முகவரியால் அழைக்க. விடை வருமாயின் வடம், அட்டை, இயக்கி, நெறிமுறை ஆகிய நான்கும் செம்மையுற்றன. பின்னர் வழிப்படுத்தியை அழைக்க. ஈற்றிலே பெயரால் அழைக்க. எண்ணால் அழைத்தபோது வந்த விடை பெயரால் அழைத்தபோது வாராதாயின், குறை பெயர் வழங்கும் சேவையகத்தின் முகவரியிலேயே உளது. இவ்வாறு படிப்படியாகச் செல்வோர்க்குப் பிழை ஒளிந்துகொள்ள இடமில்லை.

கோப்புக்களைப் பெயர்த்தல்

எம்.ரி.சி.பி. தொகுதியிலுள்ள கோப்புச் சேவையகத்தைப் பழங் கணினியில் ஓட்டிப் புதிய கணினியிலிருந்து கோப்புக்களை எடுத்துக்கொள்ளலாம். பழைய செயலியின் வேகம் குறைவாதலின், ஈதர்நெற்றின் முழு வேகம் கிடைக்காது. எனினும், நொடிக்கு 40 கிலோபைற்று வீதமே சென்றதெனக் கொள்ளினும், முற்கூறிய 20 மெகாபைற்றுத் தட்டு ஒன்பது நிமிடங்களுக்குள் வந்து சேர்ந்துவிடும். 57 நெகிழ்தட்டுக்களை மாற்றி மாற்றி இடுதலோடு இதனை ஒப்பிடுக.

இப்பணியில் நான்கு எச்சரிக்கைகள் உள. ஒன்று: கணினியைத் திறக்குமுன் அதன் அமைவுத் திரையிலுள்ள வன்றட்டு விபரங்களைத் தாளில் எழுதிவைத்தல் வேண்டும், உள்ளிருக்கும் சிறு மின்கலம் ஓய்ந்துவிடின் அவை மறைந்துபோம். இரண்டு: கோப்புக்களை இரும முறையிலே பெயர்த்தல் வேண்டும், பாட முறையிற் பெயர்ப்பின் வரியிறுதிக் குறிகள் மாற்றப்பட்டுப் பாடமல்லாத கோப்புக்கள் சிதையும். மூன்று: தமிழ்ப் பாடங்களாயின், அவை பாமினி முதலிய பழைய எழுத்துருக்களின் குறியீட்டில் இருத்தல் கூடும், அவற்றை மூலவடிவிலேயே பேணி, ஒருங்குறிக்கு மாற்றிய படியை வேறாக வைத்தல் நன்று. ஏடு பெயர்த்தெழுதுவோர் தம் திருத்தத்தை மூலத்தின்மேல் எழுதாமை போன்றது இது. நான்கு: இக்கணினிகளை வெளியுலக இணையத்துக்குத் திறந்துவிடலாகாது. கோப்புச் சேவையகத்தின் கடவுச்சொல் மறைக்கப்படாது வடத்திற் செல்லும். விண்டோஸ் 98 முறைமைக்கு வழங்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களும் 2006ஆம் ஆண்டு யூலை மாதத்தோடு நின்றுவிட்டன. உள்வலையமைப்பிலே சிறிது நேரம் இணைத்து, வேலை முடிந்ததும் வடத்தைக் கழற்றுதலே அறிவுடைமை.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், பழங் கணினியை வலையமைப்பில் இணைத்தல் மந்திரமுமன்று, அரிய வித்தையுமன்று, ஒழுங்காகச் செய்யவேண்டிய ஒரு பணி என்பது பெறப்படும். இதனைச் செய்யும் மாணவர், இன்றைய கருவிகள் மறைத்துவைத்திருக்கும் அடுக்குக்களைத் தம் கைகளாலேயே தொட்டறிவர். அக்கல்வி ஒரு பயன். மற்றைய பயன் அதனினும் பெரிது. ஏடு தேடிய பெரியோர் சில ஊர்களுக்குச் சென்றபோது, முன்னாளிலேயே ஏடு அழிந்துவிட்டதென்ற விடையே அவர்க்குக் கிடைத்ததுண்டு. கல்லூரியின் மூலையிலோ அலுவலகத்தின் பரணிலோ கிடக்கும் கணினியின் தட்டு இன்று சுழலும். நாளை சுழலுமென்று கூறுவார் ஒருவருமிலர். சுழலும்போதே அதிலுள்ளவற்றைப் பெயர்த்து, ஒன்றுக்கு இரண்டு படிகளாகப் பேணுவோமாக.