கடிதம் வந்தது, பெட்டி எது?

மன்னார்த் தீவின் மக்கள் கடிதத்தின் அருமையை நன்கறிந்தவர்கள். 1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கியது. கொழும்பிற் புறப்பட்ட புகைவண்டி தலைமன்னார்த் துறையை அடையும். கப்பல் பிரயாணிகளையும் தபாலையும் அக்கரை சேர்க்கும். அங்கே மற்றொரு புகைவண்டி காத்து நிற்கும். 'போட் மெயில்' என்று இரு கரை மக்களும் அதனை அழைத்தனர். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்தப் பாதை அறுந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. உள்நாட்டுப் போர் அதனையும் நிறுத்தியது. கடிதம் எழுதுவோர் எழுதிக்கொண்டேதான் இருந்தனர். பெறுவோரின் முகவரியும் மாறவில்லை. கடிதம் வந்திறங்கும் துறையே மாறிற்று.

இன்று தபாற்பையின் இடத்தை மின்னஞ்சல் பிடித்துக்கொண்டது. பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் முருங்கனிலும் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிய பெற்றோர் பலர் இருக்கின்றனர். மகன் அனுப்பும் பத்திரப் பிரதியும், பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதமும், தூதரகத்தின் நேர்முக அழைப்பும் கணினி வழியாகவே வருகின்றன. இத்தகைய கடிதத்தை எதிர்பார்த்திருந்து, "வரவில்லையே!" என்று மனம் நோகும் வீடுகளிற் பல வேளைகளில் நடந்திருப்பது வேறு. கடிதம் வந்தேயிருக்கும், ஆனால் நாம் பார்க்கும் பெட்டி ஒன்று, அது விழுந்த பெட்டி மற்றொன்று. அந்தப் பெட்டியைக் கண்டுபிடிக்கும் வழியையே இங்கு கூறப் புகுகின்றோம்.

பெட்டி என்பது யாது?

கந்தோர்களிலும் வீடுகளிலும் பெருவழக்கிலுள்ள மின்னஞ்சற் செயலிகளுள் ஒன்று மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் 'அவுட்லுக்'. 1997ஆம் ஆண்டில் வெளிவந்த இச்செயலி, கடிதங்களையும், நாட்குறிப்பையும், முகவரிகளையும், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலையும் ஒரே கோப்பினுள் அடக்கி வைக்கின்றது. அக்கோப்புக்கு 'டேட்டா பைல்' என்று பெயர். நாம் அதனைத் தரவுக்கோப்பு என்போம். பழைய வீடுகளிற் காணி உறுதியும் கலியாணக் கடிதமும் ஒரே டிரங்குப் பெட்டியில் இருந்தமை போன்றது இது.

தரவுக்கோப்பு இரு வகைப்படும். முதலாவது, 'பி.எஸ்.டி.' என்று முடியும் கோப்பு. 'பொப்' எனப்படும் முறையிற் கடிதங்களை இறக்குவோருக்கு இதுவே அமையும். இம்முறையில் வழங்கி நிலையத்திலிருந்து இறங்கிய கடிதம், அங்கே பிரதி விடும்படி அமைத்திராவிடில், நம் கணினியில் மாத்திரமே இருக்கும். இரண்டாவது, 'ஓ.எஸ்.டி.' என்று முடிவது. 'ஐமாப்', 'எக்ஸ்சேஞ்ச்' ஆகிய முறைகளில் மூலக் கடிதம் வழங்கியிலேயே இருக்க, அதன் பிரதியே இக்கோப்பில் வைக்கப்படுகின்றது. முதலாவது கெட்டால் கடிதமே போய்விடக்கூடும். இரண்டாவது கெட்டால் வழங்கியிலிருந்து மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். இவ்வேற்றுமையை மாணவர்கள் முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

சொல்லாமலே ஏற்கப்பட்ட கோப்பு

ஒருவர் இரண்டு மின்னஞ்சல் முகவரிகளை வைத்திருப்பின், அவுட்லுக்கில் இரண்டு மூன்று தரவுக்கோப்புக்கள் சேர்ந்துவிடுதல் இயல்பு. அவற்றுள் ஒன்றையே செயலி தலைமைக் கோப்பாகக் கொள்ளும். திரையில் அதனருகே 'டிபால்ட்' என்ற சொல் காணப்படும். வேறொன்றை நாம் குறிப்பிடாதவரை, சொல்லாமலே ஏற்கப்படுவது என்பது அதன் பொருள். செயலி தொடங்கும்போது திறப்பதும், நாட்குறிப்பிற் புதிதாய் எழுதுவது போய்ச் சேர்வதும் பெரும்பாலும் அக்கோப்பிலேயேயாம்.

பிழை பெரும்பாலும் இங்கேதான் நுழைகின்றது. புதிய கணினி வாங்கும்போதும், புதிய முகவரியைச் சேர்க்கும்போதும், செயலி தானாகவே வெறுமையான ஒரு கோப்பைப் படைத்துவிடும். பழைய கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனை எவரும் திறப்பதில்லை. வீட்டாரோ கடிதங்கள் யாவும் அழிந்தன என்று எண்ணிக் கலங்குவர்.

நோயும் மருந்தும்

இனி, அடிக்கடி நேரும் நான்கு கோளாறுகளை நோக்குவோம். இங்குக் கூறுவன 'கிளாசிக்' எனப்படும் அவுட்லுக்கிற்குரியவை. புதிய அவுட்லுக்கின் அமைப்பு வேறு.

முதலாவது, வரவேண்டிய கடிதம் வழக்கமான பெட்டியிற் காணப்படாமை. மேலே 'பைல்' என்பதை அழுத்தி, 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' என்பதனுட் சென்று, 'டேட்டா பைல்ஸ்' என்ற பக்கத்தைத் திறக்கவும். அங்கே எல்லாக் கோப்புக்களும் அவை இருக்கும் இடமும் வரிசையாய்க் காணப்படும். விரும்பும் கோப்பைத் தெரிந்து, 'செட் ஆஸ் டிபால்ட்' என்பதை அழுத்திச் செயலியை மூடி மறுபடி திறக்கவேண்டும். மூடித் திறக்காதவரை மாற்றம் நடைமுறைக்கு வராது. 'பொப்' முறையினர் இன்னொன்றும் செய்யவேண்டும். 'ஈமெயில்' என்ற பக்கத்திற்குச் சென்று, தம் முகவரியைத் தெரிந்து, கீழேயுள்ள 'சேஞ்ச் போல்டர்' என்பதை அழுத்தினால், புதிய கடிதங்கள் எந்தக் கோப்பில் விழவேண்டும் என்பதை வகுக்கலாம். தலைமைக் கோப்பு ஒன்றாகவும் கடிதம் விழும் கோப்பு வேறாகவும் இருத்தல் கூடுமாதலின், இரண்டையும் பார்த்தல் நன்று.

இரண்டாவது, நினைவூட்டும் மணி ஒலியாமை. தூதரக நேர்முகத்தின் நாளை ஒரு மாணவர் நாட்குறிப்பிற் பதிந்து, மணி ஒலிக்கும் என்று நம்பியிருக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பதிந்த நாட்குறிப்பு வேறொரு பி.எஸ்.டி. கோப்பிலிருந்தால் மணி ஒலியாமற் போகக்கூடும், நாளும் கடந்துவிடும். தலைமைக் கோப்பை மாற்றியவர்கள், பழைய நாட்குறிப்பிலுள்ள வருங்கால நிகழ்ச்சிகளைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள மறத்தலாகாது.

மூன்றாவது, 'கோப்பைக் காணவில்லை' என்று செயலி அறிவித்தல். எவரேனும் அக்கோப்பின் பெயரை மாற்றியிருப்பர். அல்லது இடம் பெயர்த்திருப்பர். அல்லது அது கழற்றப்பட்ட ஒரு 'பென் டிரைவில்' இருக்கும். அறிவிப்பை ஏற்றவுடன் கோப்பைக் காட்டுமாறு ஒரு கட்டம் தோன்றும். அங்கே அவசரப்பட்டுப் புதிய பெயரொன்றைக் கொடுத்தால் வெறுங்கோப்பு ஒன்று பிறக்கும், கவலை இரட்டிக்கும். முதலிற் பழைய கோப்பைத் தேடுக. பி.எஸ்.டி. கோப்புக்கள் வழக்கமாக 'டொக்கியுமென்ட்ஸ்' என்பதனுள் 'அவுட்லுக் பைல்ஸ்' என்ற உறையில் இருக்கும். செயலி திறக்கவே மறுப்பின், 'கொன்ட்ரோல் பேனல்' என்பதிலுள்ள 'மெயில்' வழியாக அதே கோப்புப் பட்டியலை அடையலாம்.

நான்காவது, கோப்புப் பழுதடைதல். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். செயலி திறந்திருக்கையில் மின்சாரம் திடீரென நின்றால் தரவுக்கோப்புச் சிதையக்கூடும். மிகப் பெருத்த கோப்பும் தொல்லை தரும். 2002ஆம் ஆண்டுப் பதிப்புவரை பி.எஸ்.டி. கோப்பின் எல்லை 2 கிகாபைட். 2010ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அது 50 கிகாபைட்டாயிற்று. பழுதுக்கு மருந்தாக 'ஸ்கேன்பி.எஸ்.டி.' என்ற துணைக்கருவி அவுட்லுக்குடனேயே வருகின்றது. செயலியை மூடி, கோப்பின் பிரதியொன்றைப் பத்திரப்படுத்திய பின்னரே அதனை இயக்குக. ஒரு முறையிற் குறை தீராவிடின் மறுபடியும் இயக்கலாம்.

ஓ.எஸ்.டி. கோப்புப் பழுதடைந்தால் அதனை அகற்றிவிட, செயலி புதிதாய் ஒன்றை அமைத்துக்கொள்ளும். எனினும் ஓர் எச்சரிக்கை: 'ஐமாப்' முறையில் நாட்குறிப்பும் முகவரிகளும் 'இக்கணினியில் மட்டும்' என்ற குறிப்போடு இருக்கும். அவை வழங்கியில் இல்லை. அவற்றைப் பிரதி செய்யாமல் அகற்றினால் திரும்பக் கிடையா.

செய்யத் தகாதவை

பி.எஸ்.டி. கோப்பை வலையமைப்பிலுள்ள வேறு கணினியில் வைத்து அங்கிருந்தே பயன்படுத்துதல் தகாது; அதனை மைக்ரோசொப்ட் நிறுவனமே ஆதரிப்பதில்லை. பென் டிரைவிற் பிரதி வைத்தல் நன்று; ஆனால் அதிலிருந்தே நாள்தோறும் செயலியை நடத்துதல் நன்றன்று. பயன்படாதது என்று கருதி எந்தக் கோப்பையும் திறந்து பாராமல் அழித்தலும் கூடாது. 'ஓப்பின் அண்ட் எக்ஸ்போர்ட்' என்பதனுள் 'ஓப்பின் அவுட்லுக் டேட்டா பைல்' என்பதை அழுத்தினால், பழைய பி.எஸ்.டி. கோப்பையும் தற்போதைய கோப்போடு சேர்த்துத் திறந்து பார்க்கலாம். இழந்தோம் என்று கைவிட்ட கடிதம் அங்கே இருத்தல் கூடும்.

ஒரு பிரதியின் பெறுமதி

இத்தனையும் ஒரு கணினிக் கோப்புக்காகவோ என்று சிலர் கேட்கலாம். 1990ஆம் ஆண்டை நினைவுகூருமாறு அவர்களை வேண்டுகின்றோம். அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னாரின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்றனர். தமிழ்க் குடும்பங்கள் பல படகேறி அக்கரையிலுள்ள மண்டபம் முகாமை அடைந்தன. கையில் அகப்பட்டதைக் கொண்டு சென்றவர்களின் காணி உறுதிகளும், பிறப்புச் சான்றிதழ்களும், பரீட்சைச் சான்றிதழ்களும் எத்தனையோ விட்ட வீடுகளோடு போயின. தம் நிலம் தமதே என்று காட்ட ஒரு தாளில்லாமற் பின்னர் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

இன்று அந்தத் தாள்களின் பிரதிகள் பெரும்பாலும் மின்னஞ்சல்களோடு இணைந்தே கிடக்கின்றன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு அனுப்பிய உறுதிப் பிரதியும், அவர் அனுப்பிய பதிவுப் பத்திரமும் ஒரு தரவுக்கோப்பின் மூலையில் உறங்குகின்றன. அக்கோப்பு எங்கே இருக்கின்றது என்பதை வீட்டில் ஒருவராவது அறிந்திருத்தல் அவசியம். மாதம் ஒரு முறை செயலியை மூடிவிட்டு, அக்கோப்பை வேறொரு வட்டிற் பிரதி செய்து, அவ்வட்டை வேறோர் உறவினர் வீட்டில் வைத்தல் அதனினும் நன்று.

மாணவர்கள் இவ்வேலையை மேற்கொள்ளலாம். அப்பாவின் கணினியைத் திறந்து, 'டேட்டா பைல்ஸ்' என்ற பக்கத்தைப் பார்த்து, எந்தக் கோப்பு எங்கே இருக்கின்றது என்பதை ஒரு கொப்பியில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். அரை மணித்தியாலத்திற்கு மேற்பட்ட வேலையன்று அது. உறுதிப் பெட்டியின் திறப்பு எங்கே இருக்கின்றது என்பதை அறிந்துள்ள அம்மாவுக்கு, அதே பத்திரங்களைத் தாங்கும் இந்தப் பெட்டியின் இடமும் தெரிந்திருக்கட்டும்.