கிள்ளிப் பாருங்க, உள்ளே சிவப்பு!

செருப்பை வரப்பிலேயே விட்டுட்டு வாங்க. இந்தூர்ப் பக்கத்துக் கரிசல், ஆகஸ்ட் மழையில் ஊறிக் கிடக்கிறது. காலோடு அரைக்கிலோ மண்ணும் நடந்து வரும். மால்வா பீடபூமியில் எங்கே திரும்பினாலும் சோயா. இலைக்கணுவெல்லாம் ஊதாப்பூ. அது எல்லோரும் பார்ப்பதுதான். நமக்கு இன்று செடிக்குக் கீழே நுழைய அனுமதி கிடைத்திருக்கிறது!

செடியைப் பிடுங்கக் கை துறுதுறுக்கிறதா? "இழுக்காதீங்க! நீங்க பார்க்க வந்ததெல்லாம் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்னுடும்" என்று மண்வெட்டியோடு ஓடி வருகிறார் விவசாயி. ஒரு சாண் தள்ளி வெட்டி, மண்கட்டியோடு தூக்குகிறார். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டுகிறது. அவர் மனைவி வாளித் தண்ணீரில் முக்கி அலசுகிறார். முதல் அலசலில் தண்ணீர் கறுப்பு, அடுத்ததில் கலங்கல், மூன்றாவதில்... அடேயப்பா! வேரெங்கும் மிளகளவில் உருண்டை உருண்டையாக முடிச்சுகள்!

ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். சிவப்பு! நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் அது. முடிச்சுக்குள் குடியிருக்கும் பிராடிரைசோபியம் பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். அதே ஆக்சிஜன் கூடினால் நைட்ரஜனைப் பிடிக்கும் அதன் நொதி கெட்டுவிடும். அதனால் இந்தச் சிவப்புச் சரக்கு ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுக்கிறது. காற்றில் 78 சதவீதம் இருக்கும் நைட்ரஜனை உரமாக்க, ஆலைகளில் 400 டிகிரிக்கு மேல் சூடும் பயங்கர அழுத்தமும் வேண்டும். இங்கே இந்தச் சேற்றுக்குள் சத்தமே இல்லாமல் நடக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது! பாக்டீரியாவுக்குக் கூலி? இலை காய்ச்சி அனுப்பும் சர்க்கரை.

கொட்டகைக்குள் எட்டிப் பாருங்கள். உரச்சாக்கு, ஈரத் தார்ப்பாய், அறுந்த கயிறு, மூலையில் வெல்லப் பாகு ஒட்டிய அண்டா. விதைப்புக்கு முன் வெல்லத் தண்ணீரில் இந்தப் பாக்டீரியா கலந்த கறுப்புப் பொடியைக் கரைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்துவார்கள். வெயில் பட்டால் பாக்டீரியா செத்துவிடும். "ஜூன்ல வந்திருந்தா உங்க மூஞ்சியும் கறுப்பாயிருக்கும்" என்று அந்த அம்மா சிரிக்கிறார்.

விதைத்த பிறகு நடப்பது இன்னும் அழகு. வேர் ஒரு ரசாயனத்தைக் கசியவிட்டுக் கூப்பிடுகிறது. பாக்டீரியா பதிலுக்குத் தன்னுடையதை அனுப்புகிறது. வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே வாங்கிக்கொள்கிறது. யூரியாவை அள்ளிக் கொட்டினால் செடி இந்தக் கூட்டையே சுருக்கிக்கொள்ளும். அதனால்தான் விவசாயி யூரியாவில் கையை அடக்குகிறார்.

"நான் விதை புரட்டின வரிசையில இதைவிட முடிச்சு ஜாஸ்தி இருக்கும்" என்கிறார் அம்மா. "பார்த்துடலாமே!" என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார் அவர். வாளியை நீங்க எடுங்க, சீக்கிரம்!