வளர்ச்சிக்கு இட்ட பூட்டு

தவறு செய்த வங்கிக்கு என்ன தண்டனை என்று கேட்டால், அபராதம் என்றே நம்மில் பலர் விடை கூறுவோம். ஆனால் மிகப் பெரிய வங்கிக்கு அபராதம் என்பது செலவுக் கணக்கில் ஏறும் மற்றொரு தொகைதான். அமெரிக்காவில் அதனினும் கடுமையான ஒரு தண்டனை அண்மைக் காலத்தில் இருமுறை விதிக்கப்பட்டுள்ளது. 'சொத்து வரம்பு' என்பது அதன் பெயர்.

முதலில் அதற்கு உள்ளானது வெல்ஸ் ஃபார்கோ வங்கி. 1852இல் தோன்றிய நிறுவனம். அன்று தங்கத்தையும் தபாலையும் சுமந்து சென்ற குதிரை வண்டியே இன்றும் அதன் அடையாளம். ஒவ்வொரு வாடிக்கையாளரும் எட்டுச் சேவைகளைப் பெற வேண்டும் என்று அதன் நிருவாகம் இலக்கு வைத்தது. இலக்கை எட்ட முடியாத ஊழியர்கள், வாடிக்கையாளர் அறியாமலே அவர் பெயரில் கணக்குகளைத் தொடங்கினர். இவ்வாறு தொடங்கப்பட்டவை 35 இலட்சம் வரை இருக்கலாம் என வங்கியின் ஆய்வே பின்னர் தெரிவித்தது. கேளாத கணக்குகளுக்குக் கட்டணம் செலுத்தியவர்களும் உண்டு. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் வேலை இழந்திருந்தனர். இலக்கை வகுத்தவர்களோ அப்போதும் பதவியில் இருந்தனர்!

2018 பிப்ரவரி 2ஆம் நாள் அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் ஓர் ஆணை பிறப்பித்தது. நிருவாகம் சீராகும் வரை, வங்கியின் மொத்தச் சொத்து 2017 இறுதியில் இருந்த அளவை, அதாவது சுமார் 1.95 இலட்சம் கோடி டாலரை, மீறக் கூடாது.

இதன் கடுமை எங்கே இருக்கிறது? நாம் செலுத்தும் வைப்புத்தொகை வங்கிக்குக் கடன். அத்தொகையைக் கொண்டு வங்கி வழங்கும் கடனோ அதன் சொத்து. கடன் கொடாமல் ரொக்கமாகவே வைத்திருந்தாலும் அதுவும் சொத்தே. ஆகவே, வரம்பை நெருங்கிய வங்கி புதிய வைப்புகளை ஏற்கவும் தயங்க வேண்டும். போட்டி வங்கிகள் வளரும்போது இது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இதில் தவறிழைக்காத கடனாளியும் பாதிக்கப்படுவார் என்பதை மறுப்பதற்கில்லை. 2020இல் பெருந்தொற்றின்போது, சிறு நிறுவனங்களுக்கான உதவிக் கடன்களுக்காக ஃபெடரல் ரிசர்வே வரம்பைச் சற்றுத் தளர்த்த நேர்ந்தது. ஏழாண்டுகளுக்குப் பின், 2025 ஜூன் 3இல்தான் பூட்டு திறந்தது.

இதற்கிடையே, 2024 அக்டோபரில் டிடி வங்கியின் அமெரிக்கப் பிரிவு, கறுப்புப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்கத் தவறிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒரு கும்பல் ஊழியர்களுக்கு 57,000 டாலருக்கு மேற்பட்ட பரிசு அட்டைகளை வழங்கி, 47 கோடி டாலருக்கு மேல் அவ்வங்கி வழியே கடத்தியிருந்தது. கண்காணிப்புக்கான செலவை உயர்த்த நிருவாகம் மனமின்றி இருந்ததும் வழக்கில் வெளிப்பட்டது. மொத்த அபராதம் 300 கோடி டாலருக்கும் அதிகம். அத்துடன் 43,400 கோடி டாலர் என்ற சொத்து வரம்பும் விதிக்கப்பட்டது. சிக்கனம் என்று எண்ணியது எவ்வளவு செலவில் முடிந்தது, பாருங்கள்.

நாம் கோராத கணக்கோ காப்பீடோ நம் பெயரில் தொடங்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தால், அதைப் புறக்கணிக்காமல் கிளையில் எழுத்து மூலம் முறையிட வேண்டும். 30 நாட்களில் தீர்வு கிட்டாவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி அணுகலாம்.