சனிக்கிழமை வெடித்த இன்ஜின், ஞாயிறு காலை மீண்டும் டிராக்கில்! - 'டப்பா கார்' ரேஸ் பற்றித் தெரியுமா?

ஃபார்முலா 1 ரேஸில் நான்கு டயர்களையும் மாற்ற இரண்டு, மூன்று விநாடிகள் போதும். 2023 கத்தார் கிராண்ட் ப்ரீயில் மெக்லாரன் அணி 1.80 விநாடியில் வேலையை முடித்துச் சாதனை படைத்தது.

அமெரிக்காவில் இன்னொரு ரேஸ் நடக்கிறது. அங்கே பழுதாகி உள்ளே வந்த கார் 12 மணி நேரம் கழித்துத் திரும்பவும் டிராக்குக்குப் போகும். அதுவும் வேறு இன்ஜினோடு. போய் ஜெயிக்கப் போகிறதா என்றால், இல்லை. கடைசிக்கு முந்தைய இடம் கிடைத்தாலே கொண்டாட்டம்தான். அதற்குப் பரிசும் கொடுப்பார்கள்!

அந்தப் போட்டியின் பெயர் '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்'. பிரான்ஸில் நடக்கும் புகழ்பெற்ற 'லே மான்ஸ் 24 மணி நேர' ரேஸைக் கிண்டலடித்து வைத்த பெயர் இது. நம் ஊரில் புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். அமெரிக்கப் பேச்சு வழக்கில் மக்கர் பண்ணும் வண்டிக்கே 'எலுமிச்சை' என்றுதான் பெயர்.

40 ஆயிரம் ரூபாய்க்கு ரேஸ் காரா?

ஜே லாம் என்ற ஆட்டோமொபைல் பத்திரிகையாளர் தொடங்கியது இது. முதல் போட்டி 2006-ல் கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட் டிராக்கில் நடந்தது. விதி ரொம்ப எளிமை. காரின் மதிப்பு 500 டாலரைத் தாண்டக் கூடாது. நம் பணத்தில் 40 ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு நல்ல ஸ்மார்ட்போன் விலை. அங்கேயே அந்த விலைக்குக் கிடைப்பது பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய வண்டிதான்.

பெயரில் 24 மணி நேரம் இருந்தாலும் பெரும்பாலான போட்டிகள் சனி, ஞாயிறு இரண்டு பகலிலும் சேர்த்து 14, 15 மணி நேரம்தான் ஓடும். நடுவில் ஓர் இரவு இடைவெளி. நான்கைந்து பேர் ஒரு டீம்; ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்ட வேண்டும். வார நாள்களில் இவர்கள் ஐடி ஊழியர்கள், ஆசிரியர்கள், பிளம்பர்கள். முழுநேர ரேஸர்கள் அல்ல.

ரேஸுக்கு முந்தைய நாள் நடுவர்கள் காரை ஆராய்வார்கள். விலையில் பொய் சொன்னதாகத் தோன்றினால், கூடுதலாகத் தெரியும் ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு சுற்று அபராதம். நடுவருக்கு லஞ்சம் கொடுப்பது இங்கே பகிரங்கமாக நடக்கும் சடங்கு. காருக்கும் வேஷம் கட்டலாம். ஸ்பீடிகாப் என்ற பெயரில் அறியப்படும் ஜெஃப் பிளாக், ஒரு பழைய செஸ்னா விமானத்தின் உடலை டொயோட்டா வேனின் அடிப்பாகத்தில் பொருத்தி டிராக்கில் ஓட்டியவர். தலைகீழாகக் கவிழ்ந்த மாதிரி தோன்றும் கமாரோ காரும் அவர் கைவண்ணம்தான்.

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 500 டாலரில் ரேஸ் ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு, ரேஸ் சீட், பெல்ட், தீயணைப்புச் சாதனம், பிரேக், டயர் எதுவும் அந்தக் கணக்கில் வராது. அவற்றுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், செலவழித்தே ஆக வேண்டும். தீப்பிடிக்காத உடை, ஹெல்மெட், எண்ட்ரி கட்டணம் எல்லாம் சேர்த்தால் பில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். கார் டப்பாவாக இருக்கலாம். கூண்டு டப்பாவாக இருக்க முடியாது.

குறைந்த செலவில் ரேஸ் என்ற யோசனை தமிழ்நாட்டுக்கும் பழசுதான். கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன், 1980-களில் மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்று பெயர். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வசதியில்லாத இளைஞர்களும் ஓட்டலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரில்தான் இருக்கிறது.

நன்றாக ஓடிய கார் ஏன் படுத்துவிடுகிறது?

ஆபீஸுக்குப் போகும்போது உங்கள் காரின் டேக்கோமீட்டரை ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். முள் 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டுவதே அபூர்வம். ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிப்பது ஓவர்டேக்கில் சில விநாடிகள் மட்டும்தான். டிராக்கில் அதே இன்ஜின் மணிக்கணக்கில் சிவப்புக் கோட்டை ஒட்டியே சுழல வேண்டும். 20 வருஷம் பால் வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் போய்வந்த கார், ஒரே நாளில் மாரத்தான் ஓடினால் என்ன ஆகும்?

முதல் எதிரி ஆயில். ஆயில் குறைவது மட்டும் சிக்கல் இல்லை; இருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்குவதுதான் பெரிய சிக்கல். ஓடும் பஸ்ஸில் சாம்பார் வாளியை மடியில் வைத்துக்கொண்டு போனவர்களுக்கு இது புரியும். வளைவில் பஸ் திரும்பினால் சாம்பார் எதிர்ப்பக்கம் ஏறும். இன்ஜினுக்குக் கீழே இருக்கும் ஆயில் சேம்பரிலும் அதேதான். நீளமான வளைவில் முழு வேகத்தில் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, அதை உறிஞ்சும் குழாயின் வாய்க்குள் காற்று போய்விடும்.

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒரு கணம் மின்னி மறையும். சாதாரண ரோட்டில் இந்த நிலைமையே வராது. டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் அதே வளைவு, அதே மின்னல். கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் மெல்லிய ஆயில் படலம் காணாமல் போக, உலோகத்தோடு உலோகம் உரசும். பிறகு 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம். அனுபவசாலிகள் அதைக் கேட்டதுமே ஸ்விட்சை ஆஃப் செய்துவிடுவார்கள். 'இன்னும் ரெண்டே சுற்று' என்று இழுத்தால், கனெக்டிங் ராடு உடைந்து இன்ஜின் பிளாக்கையே பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

சில கார்களுக்கென்றே தனி வியாதி உண்டு. 1990-களின் ஆறு சிலிண்டர் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கார்களை நெடுநேரம் உச்ச ஆர்பிஎம்மில் ஓட்டினால், ஆயில் பம்பின் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஒரு நட் தானாகவே கழன்றுவிடும். ஒரே ஒரு நட்! அது போனால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் இன்ஜின் காலி. விவரம் தெரிந்தவர்கள் ரேஸுக்கு முன்பே சேம்பரைக் கழற்றி அந்த நட்டைக் கம்பி போட்டுக் கட்டியோ, வெல்டிங் வைத்தோ விடுவார்கள்.

அடுத்தது சூடு. ரேடியேட்டரில் 20 வருஷத் துரு, வயதான ஹோஸ், ஒரு சின்ன கசிவு போதும். இன்ஜின் கொதித்து, சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கட் போய்விடும். ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் பால் காபி நிறத்தில் வரும். தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன என்று அர்த்தம். அந்த நிறத்தைப் பார்த்த டீமில் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள்.

பிரேக் கதை இன்னும் பயங்கரம். காரின் வேகத்தைப் பிரேக் வெப்பமாக மாற்றுகிறது. அந்த வெப்பம் பிரேக் ஆயிலுக்கும் போகும். சாதாரணக் கார்களுக்கான டாட் 3 வகை ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெதுவாக உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேர்ந்த பிறகு அதன் கொதிநிலைக்குத் தர விதி கேட்கும் குறைந்தபட்சம் 140 டிகிரிதான். கொதித்தால் நீராவிக் குமிழ்கள். பெடலை மிதித்தால் குமிழ்தான் நசுங்கும், சக்கரம் நிற்காது. கால் தரையைத் தொடும், கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

பிரேக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025 ஜனவரியில் தமிழ் ரசிகர்கள் அத்தனை பேரும் வீடியோவில் பார்த்தார்கள். துபாய் 24 மணி நேர ரேஸுக்கான பயிற்சியில் அஜித்குமார் ஓட்டிய போர்ஷ் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. பிரேக் செயலிழந்ததே காரணம் என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. அவர் காயமின்றித் தப்பினார். நீண்ட ரேஸில் தன் அணிக் காரை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டார், ஆனால் அணியை விலக்கவில்லை. அந்த அணி தன் பிரிவில் 3-வது இடம் பிடித்தது. இன்னொரு அணியின் கேமன் ஜிடி4 காரில் பங்கேற்ற அஜித்துக்கு 'ஸ்பிரிட் ஆஃப் தி ரேஸ்' விருது கிடைத்தது. ஸ்பான்சரும் தொழில்முறை மெக்கானிக்குகளும் இருக்கும் இடத்திலேயே இந்த நிலைமை. லெமன்ஸில் அந்த மெக்கானிக்கும் நீங்கள்தான்.

இன்னும் ஸ்டீயரிங்கைத் தொடாத இரண்டு பேர்

சனிக்கிழமை மதியம் இன்ஜின் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். டீமில் நான்கு பேர். முதல் ஆள் ஓட்டி முடித்துவிட்டார், இரண்டாவது ஆள் கையில் இருக்கும்போது வெடித்தது. மீதி இரண்டு பேரும் கட்டணத்தில் பங்கு போட்டு, லீவு எடுத்து, பல நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தவர்கள். ஒரு சுற்றுகூட ஓட்டவில்லை.

விடிய விடிய வேலை பார்க்கும் பைத்தியக்காரத்தனத்துக்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை 'பேஷன்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். பாதிக்குப் பாதி அது நண்பனுக்குப் பட்ட கடன். வெடித்தபோது ஓட்டிக்கொண்டிருந்தவர் பெரும்பாலும் கடைசி வரை ஸ்பேனரைக் கீழே வைக்க மாட்டார். அவர் தப்பு எதுவும் இல்லை என்று எல்லோரும் சொன்னாலும் சரி.

வேறு இன்ஜின் எங்கே கிடைக்கும்? ஒருவர் பக்கத்து ஊர் காயலான் கடைகளுக்கு போன் போடுவார். இன்னொருவர் ஆன்லைன் விளம்பரங்களில் அதே மாடல் கார் விற்பனைக்கு இருக்கிறதா என்று தேடுவார். சில சமயம் இன்ஜினுக்காக முழுக் காரையே வாங்கி, அதை ஓட்டிக்கொண்டே பேடாக்குக்கு வந்து, அங்கேயே பிரித்துவிடுவதும் உண்டு.

தூக்குவதற்கு கிரேன் இல்லையா? பக்கத்து டீமில் இருக்கும். ஸ்பேர் ஆல்டர்னேட்டர்? அதுவும் யாரிடமாவது இருக்கும். காலையில் டிராக்கில் முட்டிக்கொண்ட டீமே ராத்திரி டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கும்.

வேலை சுலபம் இல்லை. ரேடியேட்டரைக் கழற்றி, ஆயிலையும் தண்ணீரையும் வடித்து, ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதி, மவுன்ட் போல்ட்டுகளைப் பிரிக்க வேண்டும். கியர்பாக்ஸோடு இன்ஜினை இணைக்கும் போல்ட்டுகளில் ஒன்று, கை நுழையாத இடத்தில் துருப்பிடித்துப் போய்ச் சதி செய்யும். புது இன்ஜினை உள்ளே இறக்கும்போது கிளட்ச் பிளேட் ஒரு நூல் விலகியிருந்தாலும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நுழையாது. ராத்திரி 3 மணிக்கு மூளை மந்தமாகும். எல்லாம் மாட்டிய பிறகு தரையில் ஒரு கனெக்டர் அநாதையாகக் கிடக்கும். எதிலிருந்து வந்தது?

தூக்கமில்லாத ஆளை அப்படியே காலையில் ஓட்ட அனுப்புவது சரியா என்ற கேள்வியும் இருக்கிறது. சரியில்லை. அதனால்தான் விவரமான டீம்களில் காலை முதல் ஆளாக ஓட்ட வேண்டியவரை நள்ளிரவுக்கு முன்பே தூங்க விரட்டிவிடுவார்கள். பெட்ரோல் கசிகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்பதில் மட்டும் 'பார்த்துக்கலாம்' என்ற பேச்சே கிடையாது. அதில் சந்தேகம் வந்தால் கார் டிராக்குக்குப் போகாது. எத்தனை மணி நேரம் உழைத்திருந்தாலும் சரி.

கடைசிக்குப் பெரிய பரிசு

2016 லே மான்ஸ் ரேஸில் டொயோட்டா அணி முன்னிலையில் இருந்தது. 24 மணி நேரம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே இருந்த ஒரு காற்றுக் குழாயின் இணைப்பு போய், கார் மெயின் ஸ்ட்ரெய்ட்டிலேயே நின்றது. எப்படியோ உருட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டியது. ஆனால் கடைசிச் சுற்றுக்கு அனுமதித்த நேரத்தைத் தாண்டியதால், முடிவுப் பட்டியலில் இடமே கிடைக்கவில்லை. தொழில்முறை ரேஸின் கணக்கு அவ்வளவு கறாரானது.

லெமன்ஸில் அதிகச் சுற்றுகள் ஓடியவருக்கும் பரிசு உண்டு. ஏ, பி, சி என்று மூன்று பிரிவு பிரித்து, 'இது முடிக்கவே முடிக்காது' என்று நடுவர்கள் நினைக்கும் கார்களை சி-யில் போட்டு, அதிலும் ஒரு வெற்றியாளரை அறிவிப்பார்கள். ஆரம்ப காலத்தில் பரிசுப் பணத்தை 5 சென்ட் சில்லறையாக மூட்டை கட்டிக் கொடுத்த வேடிக்கையும் நடந்தது.

ஆனால் பேடாக்கில் மரியாதை அதிகம் இரண்டு பரிசுகளுக்குத்தான். ஒன்று 'ஹீரோயிக் ஃபிக்ஸ்'. அந்த வார இறுதியில் நடந்த மிக அசாத்தியமான ரிப்பேருக்கு. இன்னொன்று 'இண்டெக்ஸ் ஆஃப் எஃப்ளுயன்ஸி'. இதுதான் இந்தப் போட்டியின் உச்சப் பரிசு. இருப்பதிலேயே மோசமான காரை வைத்துக்கொண்டு எதிர்பார்த்ததைவிட அதிக தூரம் போன டீமுக்கு இது போகும். பளபளப்பான பிஎம்டபிள்யூவில் முதலிடம் பிடித்தவருக்கு இது கிடைக்காது. 40 வயதான ஒரு கார், பாதி நேரம் ஜாக்கி மேலேயே நின்றுவிட்டு, கடைசிக் கொடி விழும்போது எப்படியோ ஓடிக்கொண்டிருந்தால், அதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

அந்த இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு மணி நேரமாவது ஓட்டக் கிடைக்கும், புது இன்ஜின் தாங்கினால். மாலையில் கொடி விழுந்ததும் காரை டிரெய்லரில் ஏற்றி, வெடித்த பழைய இன்ஜினையும் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். திங்கள்கிழமை காலை எல்லோருக்கும் ஆபீஸ் இருக்கிறது.